சாலையைக் கடக்கும் உரிமை: மதுரையில் நடந்து செல்வோருக்குச் சில விளக்கங்கள்



மதுரைக்கு ஆண்டு முழுவதும் வெளியூர் மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், கோரிப்பாளையம் தர்கா, காஜிமார் பெரிய பள்ளிவாசல் என்று பார்க்கவும் ஜியாரத் செய்யவும் வருகிறவர்கள் ஒருபுறம். அரசு இராசாசி மருத்துவமனைக்குத் தென் மாவட்டங்களிலிருந்து வரும் நோயாளிகளும் அவர்களுக்குத் துணையாக வருகிறவர்களும் மறுபுறம். துணி எடுக்க, பாத்திரம் வாங்க, கல்யாண வேலையாக வருகிறவர்கள் இன்னொருபுறம். இவர்கள் எல்லோருக்கும், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நமக்கும் சேர்த்து, அன்றாடம் பொதுவாக உள்ள ஒரு வேலை உண்டு. சாலையைக் கடப்பதுதான் அது.

அந்தச் சின்ன வேலையில் எத்தனை உயிர் போகிறது என்பதை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். வண்டி ஓட்டாதவர், வண்டியில் ஏறாதவர், யாருக்கும் இடைஞ்சல் செய்யாமல் காலால் நடந்தவர். அதே ஆண்டில் நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் சாலை விபத்துகள் பதிவான மாநிலம் நமது தமிழ்நாடு.

நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பங்களிலும் இந்த வேதனையைப் பார்க்கிறோம். சம்பாதிக்கிற ஒருவர் கால் எலும்பு முறிந்து ஆறு மாதம் படுத்துவிட்டால், அந்த வீட்டில் பிள்ளையின் படிப்பு நிற்கிறது, நகை அடகுக்குப் போகிறது, வாடகை பாக்கி ஏறுகிறது. உதவி செய்வது நமது கடமை. அந்த உதவி தேவைப்படாமல் செய்வது அதைவிட நல்லது. அதனால்தான் இந்த இதழில் சாலையைக் கடப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

கோடு மட்டும் காப்பாற்றுமா?

சாலையின் குறுக்கே கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகப் போட்டிருக்கும் கோட்டை வரிக்குதிரைக் கோடு, அதாவது ஜீப்ரா கிராசிங் என்கிறோம். இதன் தொடக்கம் பிரிட்டனில். 1934-இல் அங்கே நடந்து செல்பவர்கள் கடக்கும் இடங்களைக் காட்ட, கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சு நிற உருண்டை விளக்குகளை நட்டார்கள். கம்பம் ஓரத்தில் இருந்தது. ஓட்டுநரின் கண்ணோ சாலையில் இருந்தது. சாலையிலேயே தெளிவாகத் தெரியும்படி ஏதாவது வேண்டும் என்று பல விதமான கோடுகளைப் போட்டுப் பார்த்து, கடைசியில் 1951-இல் ஸ்லவ் என்ற ஊரில் முதல் வரிக்குதிரைக் கோட்டைப் போட்டார்கள். கோட்டோடு சட்டமும் வந்தது. கோட்டில் ஒருவர் கால் வைத்துவிட்டால் வண்டி நின்றே ஆக வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, பெயிண்டும் சட்டமும் ஒன்றாக வந்தன என்பதைத்தான். நமது சாலைகளில் பெயிண்ட் வந்துவிட்டது. கோட்டைப் பார்த்ததும் வேகத்தைக் குறைக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. ஆகவே, கோட்டின் மேல் நடக்கிறோம் என்ற தைரியத்தில் வரும் வண்டியைப் பார்க்காமல் இறங்கிவிடக் கூடாது. கோட்டில் நடப்பது நம் உரிமை. வண்டி நிற்கிறதா என்று பார்த்து நடப்பது நம் உயிருக்கு நாம் செய்யும் பாதுகாப்பு. இரண்டும் வேண்டும்.

வேகத்தின் கணக்கு

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். முன்னால் ஒரு குழந்தை குறுக்கே வருவதைப் பார்த்து, மூளை அதைப் புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிக்க ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அந்த 14 மீட்டரும் பிரேக் பிடிக்காமலே போய்விடுகிறது. பிரேக் பிடித்த பிறகு, சாலை காய்ந்து, டயரும் நன்றாக இருந்தால், மேலும் ஒரு 14 மீட்டரில் வண்டி நிற்கும். ஆக மொத்தம் 28 மீட்டர்.

அதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பார்த்து முடிவெடுக்கும் நேரத்தில் 8 மீட்டர், பிரேக்கில் 5 மீட்டர், மொத்தம் 13 மீட்டரில் நின்றுவிடும்.

இப்போது ஒரு குழந்தை 15 மீட்டர் தூரத்தில் சாலையில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 30-இல் வந்த வண்டி குழந்தைக்கு முன்னாலேயே நின்றுவிடும். 50-இல் வந்த வண்டி அப்போதுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கியிருக்கும். ஏறக்குறைய முழு வேகத்தோடு மோதும். மழை பெய்து சாலை நனைந்திருந்தாலோ, பின்னால் இரண்டு பேரை ஏற்றியிருந்தாலோ நிற்கும் தூரம் இன்னும் கூடும்.

சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து சுமார் 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மனிதர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் தெருக்களில் 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் ஸ்டாக்ஹோம் நகரில் பல நாடுகள் கூடி அறிவித்ததற்கும் இதுதான் காரணம். மாசி வீதியிலும் வெளி வீதியிலும் 30-இல் போனால் வீடு போய்ச் சேர இரண்டு, மூன்று நிமிடம் தாமதமாகும். அவ்வளவுதான்.

கடக்க எத்தனை விநாடி வேண்டும்?

நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் விநாடிக்கு சுமார் 1.2 மீட்டர் நடப்பார். முழங்கால் வலி உள்ள பெரியவர், பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாய், மருத்துவமனையிலிருந்து மெல்ல நடந்து வரும் நோயாளி ஆகியோர் 0.8 மீட்டர் நடந்தால் அதிகம். நான்கு வழிச் சாலை ஒன்றின் அகலம் 14 மீட்டர் என்று கொண்டால், முதலாமவர் 12 விநாடியில் கடந்துவிடுவார். இரண்டாமவருக்குப் பதினேழரை விநாடி ஆகும்.

40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்தப் பதினேழரை விநாடியில் சுமார் 195 மீட்டர் ஓடிவிடும். அதாவது, அந்தப் பெரியவர் நிம்மதியாகக் கடக்க வேண்டுமானால் இருபுறமும் ஏறக்குறைய 200 மீட்டருக்கு வண்டியே இல்லாமல் இருக்க வேண்டும். கோரிப்பாளையத்திலோ பெரியார் நிலையம் அருகிலோ பகல் நேரத்தில் அப்படி ஓர் இடைவெளி கிடைக்குமா? கிடைக்காது. ஆகவே அவர் பாதி தூரம் வந்து நடுச்சாலையில் மாட்டிக்கொள்கிறார். அவரைத் திட்டிவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. சாலையின் நடுவில் ஒருவர் பத்திரமாக நிற்கக்கூடிய திட்டு ஒன்று இருந்தால், 7 மீட்டர், 7 மீட்டராக இரண்டு தடவையில் கடக்கலாம். ஒரு தடவைக்கு 9 விநாடி போதும். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் பார்த்தால் போதும். செலவு குறைவு, பலன் அதிகம்.

சுற்றுலா ஊரின் தனிச் சிக்கல்கள்

எல்லா ஊரிலும் நெரிசல் உண்டு. சுற்றுலா ஊரில் கூடுதலாகச் சில ஆபத்துகள் சேருகின்றன.

முதலாவது, ஊர் தெரியாதவர்கள். ரயில் நிலையத்தில் இறங்கியதும் எதிரில் இருப்பது மேல வெளி வீதி. அதைக் கடந்தால்தான் தங்கும் விடுதிகள் நிறைந்த டவுன்ஹால் ரோடு. கையில் பெட்டி, தோளில் பை, கண்ணில் தூக்கம். எந்தப் பக்கத்திலிருந்து பேருந்து திரும்பும், எங்கே ஆட்டோ எதிர்த்திசையில் வரும் என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். வந்தவருக்குத் தெரியாது.

இரண்டாவது, வெளிநாட்டவர். பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா, சவூதி, அமீரகம் போன்ற நாடுகளில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. அங்கே பழகியவர் இறங்கும்போது முதலில் இடப்பக்கம்தான் பார்ப்பார். நம் ஊரில் முதலில் வண்டி வருவது வலப்பக்கத்திலிருந்து. லண்டனில் இதற்காகவே கடக்கும் இடங்களில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தரையில் எழுதி வைத்திருக்கிறார்கள். வளைகுடாவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கும், நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும், முதல் சில நாட்கள் இந்தக் குழப்பம் இருக்கும். வீட்டில் நினைவூட்டுங்கள்.

மூன்றாவது, வெளியூர் ஓட்டுநர்கள். வேனில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு, கைப்பேசியில் வழி பார்த்துக்கொண்டு, ஒரு கண்ணால் வாகனம் நிறுத்துமிடம் தேடும் ஓட்டுநரின் கவனம் நடப்பவர் மேல் இருப்பதில்லை.

நான்காவது, இறக்கிவிடும் இடம். போக வேண்டிய இடம் சாலையின் ஒரு பக்கம், இறக்கிவிடுவது எதிர்ப்பக்கம். முதலில் இறங்கிய ஒருவர் கடந்தால், ஆட்டு மந்தைபோல் குடும்பமே பின்னால் ஓடுகிறது. கடைசியில் ஓடுவது பெரும்பாலும் ஒரு குழந்தை அல்லது பெரியம்மா. அடிபடுவதும் அவர்கள்தான். வேன், ஆட்டோ ஓட்டும் சகோதரர்கள் ஒரு சுற்றுச் சுற்றி, போகவேண்டிய பக்கத்திலேயே இறக்கிவிட்டால் அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. விடுதி, உணவகம் நடத்துகிற நம்மவர்கள் வந்தவர்களிடம், பத்திரமாகக் கடக்கும் இடம் எது என்று ஒரு வார்த்தை சொல்லலாம்.

நல்ல உதாரணமும் நம் ஊரிலேயே இருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டிகளை விடுவதில்லை. அங்கே குழந்தைகள் ஓடுகின்றன, பெரியவர்கள் நிதானமாக நடக்கிறார்கள், யாரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே மக்கள்தான் இரண்டு தெரு தள்ளி மாசி வீதிக்கு வந்ததும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். மனிதர்கள் மாறவில்லை, தெரு மாறியிருக்கிறது.

எந்த இடத்திற்கு எது பொருந்தும்?

வாகனம் குறைவாகவும் மெதுவாகவும் போகும் தெருவுக்கு வரிக்குதிரைக் கோடு போதும். பள்ளிக்கூடம், மருத்துவமனை வாசலில் கோட்டையே ஒரு மேடைபோல் உயர்த்திக் கட்டலாம். வண்டி மேடேறி இறங்க வேண்டியிருப்பதால் தானாகவே வேகம் குறையும். சக்கர நாற்காலியும் நடைபாதை மட்டத்திலேயே கடக்கலாம். அகலமான சாலைக்கு நடுத்திட்டு வேண்டும். பெரிய சந்திப்புகளுக்கு நடப்பவர்களுக்கென்று தனி பச்சை விளக்கு வேண்டும். அந்தப் பச்சை எரியும் நேரத்தை, வேகமாக நடக்கும் இளைஞரை வைத்துக் கணக்கிடாமல் பெரியவரை வைத்துக் கணக்கிட வேண்டும்.

நடைமேம்பாலம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாலத்தின் அடியில் லாரி, பேருந்து போக ஐந்தரை மீட்டர் உயரம் விட வேண்டும். படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் ஏறுவதற்கு 37 படிகள், இறங்குவதற்கு 37 படிகள். முழங்கால் தேய்ந்த ஒருவரால், ஆஸ்துமா உள்ள ஒருவரால், மாசமாக இருக்கும் ஒரு பெண்ணால் இது முடியுமா? மின்தூக்கி இருந்து, அது எப்போதும் ஓடினால் மட்டுமே அந்தப் பாலம் எல்லோருக்கும் பயன்படும். நெடுஞ்சாலைக்கு மேம்பாலம் தேவைதான். ஊருக்குள் இருக்கும் தெருவுக்கு, தரையிலேயே கடக்கும் வழிதான் மக்களுக்கு உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளின்படி, சிக்னல் இல்லாத கடவைக் கோட்டை நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நின்று, நடந்து செல்பவர்களுக்கும் சக்கர நாற்காலியில் செல்பவர்களுக்கும் வழிவிட வேண்டும். இது மரியாதைக்காகச் சொன்னது இல்லை, சட்டம்.

நடைபாதை பற்றி உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் முக்கியமான உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. பாதுகாப்பான, ஆக்கிரமிப்பு இல்லாத நடைபாதை கிடைப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது அமைய வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடர்ந்த வழக்கில் வந்த உத்தரவு இது. எலும்பு முறிந்து வருகிறவர்களுக்குச் சிகிச்சை செய்யும் மருத்துவர் ஒருவரே நீதிமன்றப் படியேறினார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சட்டத்தைப் பெற்றோர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 திருத்தத்தின்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், வண்டியின் உரிமையாளரோ பெற்றோரோ பொறுப்பாவார்கள். 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்திற்கு ரத்தாகும். கடைக்குப் போய்வர, மதரஸாவுக்குப் போய்வர என்று பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் அத்தாமார்கள் இதை நினைவில் வையுங்கள்.

நடக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை

நின்று, முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், மறுபடியும் வலப்பக்கம் பாருங்கள். எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகள் நம் ஊரில் அதிகம் என்பதால், ஒருவழிச் சாலையிலும் இருபக்கமும் பாருங்கள்.

நிற்கும் பேருந்துக்கு முன்னால் கடக்காதீர்கள். பேருந்து ஓட்டுநர் கை காட்டி வழிவிடுவார். அவரைத் தாண்டி வேகமாக வரும் பைக்காரருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். ஒரு வண்டி நின்றுவிட்டது என்பதற்காக அடுத்த வண்டியும் நிற்கும் என்று எண்ண வேண்டாம். நின்ற வண்டியின் ஓரம் வந்ததும் ஒரு கணம் நின்று எட்டிப் பார்த்த பிறகே அடுத்த அடி வையுங்கள்.

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளால் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சரியாகக் கணிக்க முடியாது. எத்தனை புத்திசாலிப் பிள்ளையாக இருந்தாலும் இதுதான் நிலை. மணிக்கட்டைப் பிடித்துக் கடக்கச் செய்யுங்கள். விரலைப் பிடித்தால் உதறிவிட்டு ஓடும்.

ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் நடந்து போகிறவர்கள், ரமலான் இரவுகளில் கடைவீதிக்கு வரும் தாய்மார்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கருப்பு உடை இருட்டில் ஓட்டுநரின் கண்ணுக்கு மிக அருகில் வந்த பிறகே தெரியும். கைப்பையில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். கையில் சிறிய டார்ச் விளக்கு வைத்துக்கொள்ளலாம். சைக்கிள் கடையில் அந்தப் பட்டை சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

வண்டி ஓட்டும் சகோதரர்களுக்கு

பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது தர்மம் என்றும், பாதைக்குச் செலுத்த வேண்டிய உரிமைகள் உண்டு என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். முள்ளையும் கல்லையும் அகற்றுவது தர்மம் என்றால், நடைபாதையில் நிறுத்திய நம் வண்டியை அகற்றுவதும் தர்மம்தான். ஜும்ஆவுக்கு வரும் அவசரத்தில் வரிக்குதிரைக் கோட்டின் மேல், நடைபாதையின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனால், வெளியே ஒரு நோயாளியோ ஒரு கர்ப்பிணியோ நடுச்சாலையில் இறங்கி நடக்க வேண்டி வரும். கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பள்ளிக்கு நடந்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் நன்மை உண்டு என்பதை நாம் அறிவோம். ஜும்ஆ நேரத்தில் வாகனங்களை ஒழுங்குபடுத்த ஜமாஅத்தார் இரண்டு இளைஞர்களை நியமித்தால் நன்றாக இருக்கும்.

இஃப்தாருக்குச் சில நிமிடம் முன்னால் வீட்டுக்குப் பறக்கும் பழக்கம் வேண்டாம். ஒரு பேரீச்சம்பழத்தைப் பையில் வைத்துக்கொண்டால் வழியிலேயே நோன்பு திறக்கலாம்.

விபத்து நடந்துவிட்டால்

108-க்கு அழையுங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கலாம் என்றால், வேறு ஆபத்து இல்லாதவரை அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். சில மணி நேரம் கழித்து வாந்தி, தூக்கம், குழப்பம் வரக்கூடும்.

உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம் வேண்டாம். உதவி செய்தவர் மேல் வழக்குப் போடக் கூடாது என்றும், தன் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன் விதிகளும் பாதுகாப்பு தருகின்றன.

தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்தில் சிக்கியவர் எந்த ஊர், எந்த மாநிலம் என்று பார்க்காமல், திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. 2025 மே முதல் மத்திய அரசின் திட்டத்தின்படியும், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1,50,000 ரூபாய் வரை, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். சுற்றுலா வந்த இடத்தில் அடிபட்டவருக்கு இந்தச் செய்தியைச் சொல்வதே பெரிய உதவி.

இழப்பீட்டைக் கைவிடாதீர்கள்

நம்மிடம் உதவி கேட்டு வந்த ஒரு குடும்பத்தின் நிலை பலருக்கும் பாடமாக இருக்கும். தையல் வேலை செய்யும் ஒரு பெரியவரை சாலையைக் கடக்கும்போது பைக் ஒன்று இடித்துவிட்டது. ஓட்டிய பையன் அழுதான். இரண்டாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்தான். வீட்டார் இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள். மறுநாள்தான் இடுப்பெலும்பு முறிந்தது தெரிந்தது. வண்டி எண் இல்லை, புகார் இல்லை, மருத்துவமனையில் விபத்து என்று பதிவும் இல்லை. வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்தார்கள். காப்பீட்டு நிறுவனம் கொடுத்திருக்க வேண்டிய தொகைக்கு அந்தக் குடும்பம் இன்றும் வட்டி கட்டுகிறது.

மன்னிப்பது நல்ல குணம். ஆனால் இழப்பீட்டைக் கொடுப்பது பெரும்பாலும் அந்தப் பையன் இல்லை, வண்டியின் காப்பீட்டு நிறுவனம். ஆகவே பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

வண்டியின் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் 'சாலை விபத்து' என்று பதிவு செய்யச் சொல்லி, விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். மருந்துச் சீட்டு, பில், ஸ்கேன் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

வண்டி எது என்று தெரிந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். கோட்டில் நடக்கவில்லை என்பதால் இழப்பீடே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நம் பக்கமும் கவனக்குறைவு இருந்தால் தொகை குறையலாம்; உரிமை முழுவதும் போய்விடாது. யார் தவறு என்று நிரூபிக்காமலே, மரணத்திற்கு 5 லட்சமும் பலத்த காயத்திற்கு 2.5 லட்சமும் கேட்க 164-ஆவது பிரிவு வழி செய்கிறது. 2019 திருத்தம் மனுவுக்கு 6 மாதக் கெடு வைத்திருப்பதால் தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

இடித்த வண்டி நிற்காமல் போய், எது என்றே தெரியாவிட்டாலும் வழி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்படி, அத்தகைய விபத்தில் இறந்தவரின் குடும்பத்திற்கு 2 லட்சம், பலத்த காயம்பட்டவருக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். விபத்து நடந்த பகுதியின் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அதற்கு ஒப்புதல் தருவார். பலருக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி அங்கே இலவச சட்ட உதவி பெறலாம்.

ஒரு கோடு வேண்டுமென்றால் என்ன செய்வது?

உங்கள் தெரு முனையில், பள்ளிக்கூட வாசலில் கடக்க முடியவில்லையா? கூட்டமாகப் போய்ச் சத்தம் போடுவதைவிட, விவரத்தோடு ஒரு மனு நன்றாக வேலை செய்யும். மாலை பள்ளி விடும் நேரத்தில் பதினைந்து நிமிடம் நின்று, எத்தனை பேர் கடக்கிறார்கள், அதில் குழந்தைகள் எத்தனை, முதியவர்கள் எத்தனை, ஒருவர் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்து, நான்கு படங்களை இணைத்து, என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். கோடா, நடுத்திட்டா, விளக்கா, வேகத்தடையா?

மாநகராட்சித் தெருவானால் மாநகராட்சிக்கும், மாநில நெடுஞ்சாலையானால் நெடுஞ்சாலைத் துறைக்கும், சிக்னல் நேரம் பற்றியானால் போக்குவரத்துக் காவல்துறைக்கும் மனு போக வேண்டும். ஒரு நகலைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதைக் காட்டிக் கேளுங்கள். கோயில் நிர்வாகம், மாதா கோயில், வியாபாரிகள் சங்கம், ஆட்டோ நிலையம் எல்லோரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். சாலை எல்லோருக்கும் பொது; அடிபடுவதும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும்தான்.

மனு எழுதத் தெரியாதவர்களும், இழப்பீட்டுக்கு எங்கே போவது என்று தெரியாதவர்களும் அலுவலக நேரத்தில் நமது அறக்கட்டளைக்கு வரலாம். எழுதித் தருகிறோம், தேவைப்பட்டால் கூடவும் வருகிறோம். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்தவர்கள், படிக்க இயலாத பக்கத்து வீட்டாருக்கு இழப்பீடு பற்றிய பகுதியை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்.

வீட்டை விட்டுப் புறப்பட்ட ஒவ்வொருவரையும் அல்லாஹ் நலமாக வீட்டுக்குத் திரும்பச் செய்வானாக. ஆமீன்.